வீட்டில் எடுக்கும் உடைப் படங்களுக்கு வண்ண விளக்கும் பாட்டும்: துணியின் நிறம் கெடாமல் எடுப்பது எப்படி?

கேள்வி (சென்னை, பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து)

அனைவருக்கும் வணக்கம். எம்.சி. ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், தரைத்தள வீட்டில் குடியிருக்கிறேன். ஐந்து ஆண்டுகளாக ரவிக்கை தைத்துக் கொடுத்து வந்த நான், சென்ற ஆண்டு முதல் சேலையையும் அதற்கேற்ற ரவிக்கையையும் சேர்த்து வாட்ஸ்அப் வழியாக விற்கிறேன். பொம்மைக்கு உடுத்தி எடுத்த படங்களை யாரும் நின்று பார்ப்பதில்லை என்பதால், கல்லூரியில் படிக்கும் என் தங்கை உடுத்திக்கொண்டு நிற்க, நான் போனில் படம் எடுக்கிறேன்.

எங்கள் கூடம் பத்தடிக்குப் பன்னிரண்டடி. சுவரில் இளம்பச்சை டிஸ்டெம்பர், உத்தரத்தருகே ஒரு டியூப் லைட். சன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர்தான். பகலில் ஒரு மணி நேரம்கூட நேர் வெளிச்சம் வராது. படங்கள் எல்லாம் ஒரே மாதிரி வெளிறித் தெரிவதால், ரிமோட்டில் நிறம் மாறும் பல்பு ஒன்றும், சுருளாக வரும் எல்.இ.டி. ஸ்டிரிப் ஒன்றும் வாங்கினேன். இளஞ்சிவப்பு வெளிச்சத்தில் தங்கையின் முகம் அவ்வளவு அழகாக வந்தது. ஆனால் பாட்டில் பச்சையில் மாம்பழ மஞ்சள் பார்டர் போட்ட சேலை, அதே படத்தில் கறுப்பு உடலும் செங்கல் நிற பார்டருமாகத் தெரிந்திருக்கிறது. நேரில் பார்த்துப் பழகிவிட்டதால் நான் அதைக் கவனிக்கவில்லை. வாங்கிய அம்மா சேலையைத் திருப்பி அனுப்பியதோடு, "நிறத்தை மாற்றிக் காட்டி விற்கிறீர்கள்" என்றும் எழுதிவிட்டார். அந்தச் சொல் இரண்டு நாள் என்னைத் தூங்கவிடவில்லை.

வண்ண விளக்கை வைத்துக்கொண்டே துணியின் உண்மையான நிறத்தைக் காட்ட முடியுமா? ஸ்டிரிப்பைப் போட்டால் சில படங்களில் குறுக்கே கறுப்புப் பட்டைகள் விழுகின்றனவே, அது ஏன்? இன்னொன்றும் உண்டு. கேமராவைத் தூக்கியதுமே தங்கை மரம்போல நின்றுவிடுகிறாள். பாட்டுப் போட்டால் உடம்பு இளகுகிறது, ஆனால் கையும் முந்தானையும் கலங்கிப்போகின்றன. பெரிய செலவு செய்ய இப்போது வசதியில்லை. தெரிந்தவர்கள் சொல்லித் தாருங்கள்.

பதில் (தண்டையார்பேட்டை, திருமணப் படம் எடுப்பவர்)

சகோதரி, நீங்கள் யாரையும் ஏமாற்றவில்லை. வெளிச்சம் உங்களை ஏமாற்றியிருக்கிறது. ஒரு துணி தன்மீது விழும் ஒளியில் எது தன் நிறமோ அதைத்தான் திருப்பி அனுப்பும். பல்பின் இளஞ்சிவப்பு என்பது சிவப்பும் நீலமும் கலந்தது. அதில் பச்சை மிகக் குறைவு. ஆகவே பச்சைச் சேலைக்குத் திருப்பி அனுப்ப ஒன்றுமில்லாமல் கறுத்துவிட்டது. மஞ்சள் பார்டர் சிவப்பு, பச்சை இரண்டையும் திருப்பி அனுப்பக்கூடியது. பச்சை வராததால் சிவப்பை மட்டும் அனுப்பிச் செங்கல் நிறமானது. அறைக்குள் நிற்கும்போது நம் கண் அந்த வெளிச்சத்துக்குப் பழகி, நினைவில் உள்ள பச்சையை நிரப்பிக்கொள்கிறது. கேமராவுக்கு அந்த நினைவு கிடையாது.

என் தொழிலில் நான் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் வழக்கம் ஒன்றுதான்: வண்ணம் சுவருக்கு, வெள்ளை துணிக்கு. அறையை மனத்துக்குள் இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டடி நீளத்தில் தங்கையைச் சுவரிலிருந்து நான்கடி முன்னால் நிறுத்துங்கள். உத்தரத்து டியூப் லைட்டை அணைத்துவிட்டு, நான்கடி எல்.இ.டி. பேட்டன் (டியூப் லைட் போல நீளமான வெள்ளை விளக்கு) ஒன்றைச் செங்குத்தாக, ஒரு நாற்காலி முதுகில் கட்டி, தங்கைக்கு முன்பக்கம் ஓரமாக நான்கடி தள்ளி நிறுத்துங்கள். மேலிருந்து விழும் வெளிச்சம் கண்ணுக்குக் கீழே நிழல் போட்டுக் கொசுவத்தை இருட்டாக்கிவிடும். நிற்கும் பேட்டனோ தோளிலிருந்து பாதம்வரை ஏறக்குறைய ஒரே அளவில் வெளிச்சம் தரும். வாங்கும்போது பெட்டியில் சி.ஆர்.ஐ. (நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதற்கான எண்) எவ்வளவு என்று பாருங்கள். 80 என்பது சாதாரணம். 90க்கு மேல் கிடைத்தால் சிவப்பும் அரக்கும் உயிரோடு வரும்.

பேட்டனின் வெளிச்சம் பின்சுவரில் பாய்ந்தால் அங்குள்ள வண்ணம் வெளுத்துப்போகும். ஒற்றை பல்பாக இருந்தால் தூரம் இரட்டிக்கும்போது வெளிச்சம் கால்பங்காகக் குறைந்துவிடும். நீளமான பேட்டனில் அவ்வளவு வேகமாகக் குறையாது. அதனால் பேட்டனுக்கும் சுவருக்கும் இடையே, சேலைப் பெட்டியின் அட்டையைப் பிரித்து நீளவாக்கில் ஒரு மறைப்பு வையுங்கள். அந்த அட்டைக்குக் காசு இல்லை, ஆனால் படத்தின் பாதி அழகு அதில்தான் இருக்கிறது.

அடுத்தது உங்கள் பச்சைச் சுவர். அதன்மேல் சிவப்பு விளக்கைப் போட்டால் மங்கலான பழுப்புதான் வரும். எட்டு முழ வெள்ளை வேட்டிகள் இரண்டைப் பிரித்து, ஒவ்வொன்றையும் நீளத்தில் பாதியாக மடித்து ஒரு கயிற்றில் அருகருகே தொங்கவிட்டால், சுமார் எட்டடி அகலமும் ஆறடி உயரமும் கிடைக்கும். அவற்றை நன்றாக இஸ்திரி போட்டுவிடுங்கள். ஸ்டிரிப் கீழிருந்து எரியும்போது ஒவ்வொரு மடிப்பும் மலைபோலத் தெரியும். ஸ்டிரிப்பைத் தரையோரம், ஒரு பலகைக்குப் பின்னால் மறைத்து, வேட்டியை மட்டும் நோக்கி எரிய விடுங்கள்.

கறுப்புப் பட்டை எங்கிருந்து வருகிறது என்றால், இந்த ஸ்டிரிப்புகளில் வெளிச்சத்தைக் குறைப்பதும் நிறங்களைக் கலப்பதும் விளக்கை நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை அணைத்து ஏற்றுவதன் மூலமாகத்தான். கண்ணுக்குத் தெரியாத அந்த மினுக்கம், வரிவரியாகப் படிக்கும் போன் கேமராவுக்குப் பட்டையாகத் தெரிகிறது. சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய தனி நிறம் ஒன்றை முழு வெளிச்சத்தில் வைத்தால் பெரும்பாலும் பட்டை மறையும். நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் சாதாரண விளக்குகள் நொடிக்கு 100 முறை ஏறி இறங்கும். ஆகவே கேமராவை நாமே சரிசெய்யும் ப்ரோ மோடில், ஷட்டரை (ஒரு படம் பதிய எடுக்கும் நேரம்) 1/50 அல்லது 1/100 நொடி என்று வையுங்கள். அதே இடத்தில் ஒயிட் பேலன்ஸை (வெள்ளை வெள்ளையாகத் தெரியப் போன் செய்யும் நிறச் சரிசெய்தல்) தானியங்கியிலிருந்து எடுத்துவிட்டு, பேட்டன் பெட்டியில் அச்சிட்டுள்ள கெல்வின் எண்ணை (வெளிச்சம் மஞ்சள் பக்கமா நீலப் பக்கமா என்று காட்டும் எண்), 4000 என்றால் 4000, 6500 என்றால் 6500, வைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் பின்னால் சிவப்பு நிறைய இருப்பதைப் பார்த்துப் போன் தானாகவே படத்தை நீலப்பக்கம் தள்ளும். சேலை மறுபடி பொய் சொல்லும்.

முகத்தை வெளுப்பாக்கும் பியூட்டி வசதியை அணைத்துவிடுங்கள் என்று உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன். மாநிறத்துக்கும் கறுப்பு நிறத்துக்கும் பின்னாலிருந்து வரும் ஆரஞ்சு ஒளி கொடுக்கும் பொலிவை எந்தப் பூச்சும் தராது. அந்த வசதி முகத்தோடு சேர்த்துத் துணியின் நெசவையும் மழுக்கிவிடும்.

பதில் (ராயபுரம், சேலை வியாபாரக் குடும்பம்)

மேலே சொன்னவர் விளக்கைப் பற்றிச் சொன்னார். நான் துணியின் பக்கத்திலிருந்து சொல்கிறேன். கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்தில் ஏற்றுமதித் துணியை வெளுத்தவர்கள் குடியிருந்ததால்தான் உங்கள் பேட்டைக்கே அந்தப் பெயர். துணி பார்க்கத் தெரிந்தவர்கள் இன்றைக்கும் சேலையைக் கடை வாசலுக்கு எடுத்து வந்து, வெயில் வெளிச்சத்தில் விரித்துப் பார்த்த பிறகுதான் விலை பேசுவார்கள். என் பாட்டி மழைக்கால மாலையில் பட்டு வாங்கவே மாட்டார். ஆகவே எவ்வளவு அழகான படம் எடுத்தாலும், ஒவ்வொரு சேலைக்கும் மொட்டை மாடியில் காலை எட்டு ஒன்பது மணிக்கு, நேர் வெயில் படாத நிழலில், உடலும் பார்டரும் முந்தானையும் தெரியும்படி ஒரு சாதாரணப் படம் எடுத்துக் கூடவே அனுப்புங்கள். ஓரத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து எடுத்தால், பார்ப்பவரின் கண் தானே நிறத்தை ஒப்பிட்டுக்கொள்ளும்.

ஜரிகை ஒரு கண்ணாடி என்று நினைத்துக்கொள்ளுங்கள். எதிரே எந்த வெளிச்சம் இருக்கிறதோ அதை அப்படியே காட்டும். பொன்னிற ஜரிகை மஞ்சளையும் சிவப்பையும் நன்றாகத் திருப்பி அனுப்பும். நீலத்தைப் பெரிதும் விழுங்கிவிடும். நீல விளக்கில் எடுத்த பட்டுச் சேலையில் ஜரிகை ஈயம்போல மங்கிக் கிடப்பதற்குக் காரணம் அதுதான். ஜரிகை நிறைய உள்ள சேலைக்கு முன் வெளிச்சம் நேராக வராமல், பக்கவாட்டில் சாய்ந்து வர வேண்டும். அப்போது ஒவ்வொரு இழைக்கும் ஒரு பக்கம் மினுங்கும், மறுபக்கம் நிழலாகும். ஜரிகையில் நெய்த மாங்காய், ருத்திராட்ச வடிவங்கள் துணியிலிருந்து எழுந்து நிற்கும். மயில் கழுத்து நிறம்போல இரட்டை நிறம் காட்டும் பட்டில் பாவு (நீள இழை) ஒரு நிறம், ஊடை (குறுக்கு இழை) ஒரு நிறம். முந்தானையைத் தட்டையாகப் பிடித்தால் ஒன்றுதான் தெரியும். கையில் சரியவிட்டு இரண்டு மூன்று மடிப்புகள் விழச் செய்தால், மேட்டில் நீலமும் பள்ளத்தில் பச்சையுமாக இரண்டும் தெரியும்.

ஒரு விஷயத்தில் மட்டும் முதல் பதிலோடு நான் முழுதாக உடன்படவில்லை. துணிமேல் வண்ண ஒளி படவே கூடாது என்பது வெள்ளைக்கும் சந்தன நிறத்துக்கும் பொருந்தாது. கசவுச் சேலையில் மெல்லிய ஆரஞ்சு படிந்தால் விளக்கேற்றிய வீட்டின் களை வந்துவிடும். அது வெள்ளைத் துணிதான் என்பது யாருக்கும் தெரியும் என்பதால் ஏமாற்றமும் இல்லை. ஆனால் கத்தரிப்பூ, ராமர் பச்சை, அரக்கு, மயில் நீலம் போல நிறத்துக்காகவே வாங்கப்படும் சேலைகளில் அந்த விளையாட்டு வேண்டாம். வெல்வெட் ரவிக்கை வெளிச்சத்தை உறிஞ்சிக்கொள்ளும் என்பதையும் நினைவில் வையுங்கள். அதற்குப் பேட்டனை ஓரடி அருகே நகர்த்தி, மறுபக்கம் ஒரு வெள்ளைத் தெர்மாகோல் பலகையைப் பிடித்தால் தையல் தெரியும். சினிமாப் படப்பிடிப்பிலும் அதே தெர்மாகோலைத்தான் பிடிக்கிறார்கள்.

பதில் (பெரம்பூர், நடன வகுப்புகளுக்கு மிருதங்கம் வாசிப்பவர்)

தங்கை மரம்போல நிற்பதாக எழுதியதைப் படித்ததும் எழுதத் தோன்றியது. வகுப்பில் முதன்முதலாக மேடையேறும் பிள்ளைகளிடம் இதைத்தான் தினமும் பார்க்கிறேன். "சும்மா நில்" என்று சொன்னால் மனிதருக்குக் கை எங்கே வைப்பது என்று தெரியாது. தாளம் இருந்தால் கைக்கு ஒரு வேலை கிடைத்துவிடும். பாட்டின் பயன் அதுதான். ஆனால் பாட்டை வெறுமனே ஓடவிட்டு இடையிடையே பொத்தானை அழுத்தினால் நீங்கள் சொன்ன கலங்கல் வராமல் இருக்காது. ஏனென்றால் 1/50 ஷட்டரில், ஆடும் கை நிச்சயமாகத் தேயும். ஆடுவதற்கு ஒரு பாட்டும், படம் எடுப்பதற்கு ஒரு பாட்டும் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

முதல் பத்து நிமிடம் தங்கைக்குப் பிடித்த கானாவோ குத்துப் பாட்டோ எதுவாக இருந்தாலும் போடுங்கள். அப்போது கேமராவைத் தொடவே வேண்டாம். உடம்பு சூடாகி, தோள் இறங்கி, மூச்சு கீழே போகட்டும். பிறகு நிதானமான நடையுள்ள பாட்டுக்கு மாறுங்கள். நிமிடத்துக்கு 80 தட்டு உள்ள பாட்டாக இருந்தால் மிக வசதி. ஒரு தட்டுக்கு முக்கால் நொடி; நான்கு தட்டுக்குச் சரியாக மூன்று நொடி. பெரும்பாலான போன்களின் டைமரிலும் மூன்று நொடி வைக்கலாம். ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கையில் முதல் தட்டில் டைமரை அழுத்தினால், லகு எனப்படும் முதல் பகுதியின் நான்கு எண்ணிக்கை முடிந்து, ஐந்தாவதான அடுத்த தட்டில் படம் விழும். இரண்டிலும் மூன்றிலும் தங்கை முந்தானையைச் சுழற்றட்டும் அல்லது திரும்பட்டும், நான்கில் நிற்கட்டும், ஐந்தில் படம், ஆறு, ஏழு, எட்டில் தளர்ந்துவிடட்டும். அடவு (நடன அசைவு) முடிந்து நிற்கும் அந்த ஒரு கணத்தில் உடம்பில் அசைவின் உயிர் இருக்கும், அசைவு இருக்காது. துணி மட்டும் மெல்ல இறங்கிக்கொண்டிருக்கும். அந்த அளவு கலங்கல் அழகுதான்.

தாளம் தெரியாவிட்டால் நீங்களே மேசையில் தட்டி "ஒண்ணு, ரெண்டு, மூணு, நில்" என்று சொன்னால் போதும். பாட்டை வேறொரு போனில் போடுங்கள். பல போன்களில் வீடியோ எடுக்கத் தொடங்கியதும் அதே போனில் ஓடும் பாட்டு நின்றுவிடும். விளக்கும் பாட்டும் ஒன்றையொன்று தழுவட்டும் என்பதும் என் அனுபவம். ஆரஞ்சுச் சுவருக்கு முன்னால் அதிரடிப் பாட்டுப் போட்டால் முகம் ஒரு பக்கமும் படம் ஒரு பக்கமும் நிற்கும். அந்த வெளிச்சத்துக்கு ஒரு நாதஸ்வரமோ பழைய மெல்லிசையோ போட்டுப் பாருங்கள், தங்கையின் கண்ணே மாறும்.

பதில் (வியாசர்பாடி, மின்பணியாளர்)

ஒரே ஒரு எச்சரிக்கை. வண்ணம் வேண்டும் என்பதற்காகப் பழைய குண்டு பல்பிலோ ஹாலஜன் விளக்கிலோ கண்ணாடிப் பேப்பரைச் சுற்றிவிடாதீர்கள். சில நிமிடங்களில் உருகிப் புகையும், பக்கத்தில் நைலான் சேலை இருந்தால் பற்றிக்கொள்ளும். எல்.இ.டி. விளக்கிலும் நாலு விரல் இடைவெளி விட்டே கட்டுங்கள். ஸ்டிரிப்பைச் சுருளோடு எரியவிட வேண்டாம், முழுவதும் பிரித்துவிட்டுத்தான் எரிக்க வேண்டும். சுருட்டி வைத்தால் சூடு வெளியேற வழியில்லை. பேட்டனை நாற்காலியில் கட்டும்போது வயரைத் தங்கை நடக்கும் பக்கம் விடாமல் சுவரோரமாகக் கொண்டு போங்கள்.

கேள்வி கேட்டவரின் பதில்

அனைவருக்கும் நன்றி. ஒவ்வொரு பதிலையும் தங்கையை உட்கார வைத்து வாசித்துக் காட்டினேன். ஞாயிற்றுக்கிழமை மாலை அப்பாவின் வேட்டிகள் இரண்டைக் கொடிக்கயிற்றில் தொங்கவிட்டு, பேட்டனை நாற்காலியில் கட்டி, அட்டை மறைப்பு வைத்து, திருப்பி வந்த அதே பச்சைச் சேலையை உடுத்தி எடுத்தோம். பின்னால் வேட்டி முழுவதும் சிவப்பாக எரிய, முன்னால் சேலை பச்சையாகவே நின்றதைப் போன் திரையில் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. சேலையையே திரைக்குப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டேன். மஞ்சள் பார்டர் மஞ்சளாகவே இருந்தது. நாற்பது படங்களில் இரண்டில் மட்டும் பட்டை விழுந்தது. அவை நான் ஸ்டிரிப்பைக் கத்தரிப்பூ நிறத்துக்கு மாற்றியபோது எடுத்தவை.

எட்டு எண்ணும் முறை முதலில் குழப்பியது. நான் பதற்றத்தில் மூன்றில் அழுத்திவிடுவேன், படம் அவள் தளரும்போது விழும். பிறகு அம்மா வந்து தொடையில் தாளம் போட்டுக் கொடுத்தார். அதன்பின் பதினைந்து படங்கள் வரிசையாக நன்றாக வந்தன. கானாப் பாட்டுக்கு அம்மாவும் தங்கையும் சேர்ந்து ஆடிய பத்து நிமிடத்தைப் படம் எடுக்கக் கூடாது என்று சொல்லியிருந்தீர்கள்; அதை மட்டும் என்னால் கடைப்பிடிக்க முடியவில்லை.

ஒரு குறை மிஞ்சியிருக்கிறது. தங்கை திரும்பி நிற்கும் படங்களில், பின்னால் தொங்கும் முந்தானையின் ஜரிகை செம்பு ஜரிகைபோலச் சிவந்து தெரிகிறது. வாங்குகிறவர்கள் மறுபடி தவறாக நினைத்துவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது.

பதில் (ராயபுரம், சேலை வியாபாரக் குடும்பம்)

பயப்படத் தேவையில்லை. திரும்பி நிற்கும்போது முந்தானை வேட்டியின் பக்கம் சாய்ந்து, அந்தச் சிவப்பைக் கண்ணாடிபோல வாங்கிக்கொள்கிறது. அந்தப் படங்களுக்கு மட்டும் தங்கையை இன்னும் ஓரடி முன்னால் நிறுத்தி, முந்தானையை இடது கையில் ஏந்திப் பேட்டன் பக்கமாகத் திருப்பச் சொல்லுங்கள்; ஜரிகை பொன்னாகிவிடும். அப்படியும் விளிம்பில் சிவப்பு ஒட்டினால், ஜரிகைக்காக மட்டும் ஸ்டிரிப்பை அணைத்துவிட்டு ஒரு படம் கூடுதலாக எடுத்துவிடுங்கள். திருப்பி அனுப்பிய அம்மாவுக்கும், மாடி நிழலில் எடுத்த படத்தோடு சேர்த்து இந்தப் புதிய படத்தை ஒருமுறை அனுப்பிப் பாருங்கள்.